பத்தொன்பது மாக் எழுதியும் மதிப்பெண் நகரவில்லை: மாதிரித் தேர்விலிருந்து எதைக் கற்பது, எப்படிக் கற்பது?

கீழவீதி (இழையைத் தொடங்கியவர்)
14 செப்டம்பர் 2025, இரவு 10.50

அனைவருக்கும் வணக்கம். தமிழில் எழுதினால் இரண்டு தேர்வுகளுக்கும் ஒரே பெயர்தான் வருகிறது என்பதால் முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்: என் கேள்வி மேலாண்மைப் படிப்புக்காக ஐ.ஐ.எம்-களில் சேர்வதற்கான கேட் தேர்வைப் பற்றியது; எம்.டெக் படிப்புக்கான கேட்டைப் பற்றியது அல்ல.

சொந்த ஊர் தஞ்சாவூர். சென்னையில் மென்பொருள் வேலையில் சேர்ந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. நவம்பர் 30 தேர்வுக்காக ஜூன் மாதம் முதல் படித்து வருகிறேன். இன்று காலை எழுதியது பத்தொன்பதாவது மாக், அதாவது மாதிரித் தேர்வு. முதல் மாக்கில் 204-க்கு 41 எடுத்தேன். ஐந்தாவதில் 58 வந்தது. அதன்பின் இன்றுவரை 55-க்கும் 66-க்கும் நடுவிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

புதன் இரவு ஒன்று, ஞாயிறு காலை ஒன்று என வாரத்துக்கு இரண்டு எழுதுகிறேன். முடித்தவுடன் மதிப்பெண்ணைப் பார்ப்பேன், தவறான கேள்விகளுக்கு உரிய விளக்கக் காணொளிகளை வரிசையாக ஓடவிடுவேன், "அடடா, இவ்வளவுதானா" என்று தோன்றும், அத்துடன் மூடிவிடுவேன். இன்றுகூட, கூட்டுத்தொகை 12 வருமாறு மூன்று மிகை முழுக்களை எத்தனை வழிகளில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கலாம் என்ற கேள்விக்கு 91 என்று தட்டச்சுச் செய்திருந்தேன். சரியான விடை 55. சூத்திரம் தெரியாமல் இல்லை, கவனக்குறைவுதான்.

நான் பணம் கட்டியிருக்கும் பயிற்சி மையத்தில் "நாற்பது மாக் முடியுங்கள், தானாக ஏறும்" என்கிறார்கள். இன்னும் பதினொரு வாரங்கள்தான் இருக்கின்றன. எண்ணிக்கையைக் கூட்டுவதா, மாக்கை நிறுத்திவிட்டு அடிப்படைப் பாடங்களுக்குத் திரும்புவதா? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

---

கணக்கு_வாத்தியார்
14 செப்டம்பர் 2025, இரவு 11.25

தம்பி, மொத்த மதிப்பெண்ணை மட்டும் சொன்னால், காய்ச்சல் 101 என்று சொல்லிவிட்டு மருந்து கேட்பது போல ஆகிவிடும். மூன்று பகுதிகளிலும் எத்தனை தொட்டீர்கள், எத்தனை சரி, எத்தனை தவறு, தவறானவற்றுக்கு எதிரே நோட்டில் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பதைப் போடுங்கள்.

---

கீழவீதி
14 செப்டம்பர் 2025, இரவு 11.48

ஐயா, இன்றைய கணக்கு இது. ஆங்கிலப் பகுதியில் 24-இல் 19 தொட்டேன். 10 சரி, 9 தவறு. தரவு விளக்கமும் தருக்கமும் வரும் டி.ஐ.எல்.ஆர். பகுதியில் 22-இல் 9 தொட்டேன். 6 சரி, 3 தவறு. கணக்குப் பகுதியான குவான்டில் 22-இல் 12 தொட்டேன். 8 சரி, 4 தவறு. சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 குறைப்பு. தவறானவற்றில் ஐந்து, விடையைத் தட்டச்சுச் செய்யும் டீட்டா வகை என்பதால் அவற்றுக்குக் குறைப்பு இல்லை. மொத்தம் 61.

நோட்டில் இருப்பது: கவனக்குறைவு 7, தெரியவில்லை 4, நேரமில்லாமல் அவசரப்பட்டது 5.

---

மூன்றாம்_முயற்சி
15 செப்டம்பர் 2025, காலை 6.40

கீழவீதி தம்பி, உங்கள் இடத்தில் நான் முழுதாக இரண்டாண்டுகள் இருந்திருக்கிறேன். 2023-இல் நாற்பத்தேழு மாக் எழுதினேன். அவ்வளவு எழுதியும் 2022-இல் கிடைத்த பெர்சன்டைலைவிட (தேர்வை எழுதியவர்களில் நமக்குக் கீழே இருப்பவர்களின் விழுக்காடு) சற்றே கூடுதலாகத்தான் வந்தது. சென்ற ஆண்டு இருபத்திரண்டு மட்டுமே எழுதினேன். இப்போது முதலாண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அந்த இருபத்திரண்டை நான் வேறு விதமாகக் கையாண்டதுதான் பெரும்பகுதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

மாற்றியது ஒன்றே ஒன்று. மாக் முடிந்தவுடன் விளக்கத்தைத் திறப்பதில்லை. மறுநாள், சரியாகப் போட்டவை, தவறாகப் போட்டவை, தொடாமல் விட்டவை எல்லாவற்றையும், கடிகாரம் இல்லாமல், விடையைப் பார்க்காமல், மறுபடி போடுவேன். நான் எழுதிய இணையதளத்தில் கேள்விக்குக் கீழேயே விடையும் வந்துவிடும் என்பதால், தினசரி காலண்டரின் பழைய அட்டையைத் திரையின் கீழ்ப்பாதியில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் போடுவேன். இரண்டு மணி நேர மாக்குக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். அதை ஒரே மூச்சில் செய்ததில்லை. இரண்டு மூன்று மாலைகளில் பிரித்துக்கொள்வேன்.

நீங்கள் காணொளி பார்க்கும்போது "இவ்வளவுதானா" என்று தோன்றுகிறது அல்லவா, அந்த இடத்தில்தான் பிசகு இருக்கிறது. அடுத்தவர் போட்டுக் காட்டும் எந்தக் கணக்கும் எளிதாகத்தான் தெரியும். அந்த முதல் அடியை அவர் ஏன் எடுத்தார், நமக்கு ஏன் அது தோன்றவில்லை என்பது காணொளியில் இருக்காது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஒரு மாக்கில் வந்த டி.ஐ.எல்.ஆர். செட் (ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்வித் தொகுப்பு) இது: ஆறு அணிகள், ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியுடனும் ஒரு முறை ஆடும், வென்றால் 3 புள்ளி, டிராவானால் இரண்டு அணிகளுக்கும் தலா 1, தோற்றால் ஒன்றுமில்லை. இறுதியில் அணிகளின் புள்ளிகள் 13, 10, 7, 5, 4, 2. யார் யாரை வென்றார்கள், எந்த ஆட்டங்கள் டிரா என்று கண்டுபிடிக்க வேண்டும். கூடவே இரண்டு மூன்று குறிப்புகள். தேர்வில் நான் கட்டம் போட்டு, ஒவ்வொரு குறிப்பாக நிரப்பி, அழித்து, மறுபடி நிரப்பி, பதினான்கு நிமிடங்களைத் தொலைத்துவிட்டு ஒரு கேள்விக்கும் விடையின்றி வெளியே வந்தேன்.

மறுநாள் கடிகாரம் இல்லாமல் உட்கார்ந்தபோதும் முதல் இருபது நிமிடங்கள் அதே கட்டத்தையேதான் நிரப்பிக்கொண்டிருந்தேன். பிறகு அலுப்பில் புள்ளிகளைச் சும்மா கூட்டிப் பார்த்தேன்: 41. மொத்தம் 15 ஆட்டங்கள். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் வென்றிருந்தால் 45 புள்ளிகள் வந்திருக்க வேண்டும். டிரா ஆகும் ஒவ்வோர் ஆட்டமும் அதில் ஒன்றைக் குறைக்கும். ஆகவே டிரா நான்கு. அதைக் கண்டதும் கதவு திறந்துவிட்டது. 5 புள்ளி எடுத்த அணி ஐந்து ஆட்டத்தையும் டிரா செய்திருக்க முடியாது, ஏனென்றால் போட்டி முழுவதிலுமே நான்குதான் டிரா. எனவே அது ஒன்றில் வென்று, இரண்டை டிரா செய்து, இரண்டில் தோற்றிருக்க வேண்டும். 13 எடுத்த அணி நான்கில் வென்று ஒன்றை டிரா செய்தது. மற்றவை வரிசையாக அவிழ்ந்துவிட்டன.

இதை நானே கண்டுபிடித்ததால், அதற்குப் பிறகு வந்த எந்தப் போட்டி அட்டவணைச் செட்டிலும் என் கை முதலில் மொத்தத்தைத்தான் கூட்டியது. அதே வழியைக் காணொளியில் இரண்டு முறையாவது முன்பே பார்த்திருக்கிறேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுபடி போட்டு முடித்த பிறகுதான் விளக்கத்தைத் திறப்பேன், அதுவும் இரண்டாம் முறையும் வராத கேள்விகளுக்கும், வந்தாலும் வழி நீளமாக இருந்த கேள்விகளுக்கும் மட்டும்.

---

பழைய_பஞ்சாங்கம்
15 செப்டம்பர் 2025, காலை 9.15

சகோதரி சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் எழுதியது நேரக் கட்டுப்பாடுள்ள தேர்வு. பகுதிக்கு நாற்பதே நிமிடங்கள். நாற்பது முடிந்தால் திரை தானாக அடுத்த பகுதிக்குப் போய்விடும். திரும்பி வர முடியாது. அப்படிப்பட்ட தேர்வுக்குக் கடிகாரம் இல்லாமல் பயிற்சி செய்தால், வீட்டில் எல்லாமே வரும், அரங்கில் ஒன்றும் வராது. "நேரம் இருந்தால் போட்டிருப்பேன்" என்ற ஆறுதலைத் தவிர அதில் என்ன கிடைக்கும்?

இன்னொன்று: வாரத்துக்கு இரண்டு மாக், ஒவ்வொன்றுக்கும் ஏழு மணி நேரம் என்றால் பதினான்கு மணி நேரம். இரவு ஒன்பது மணிக்கு அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் ஆளுக்கு இது ஆகுமா? அடிப்படையை எப்போது படிப்பது?

---

மூன்றாம்_முயற்சி
15 செப்டம்பர் 2025, பிற்பகல் 1.05

ஆகாது என்பதால்தான் மாக்கை வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்கச் சொல்கிறேன். கடிகாரத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மாக்கைக் கடிகாரத்துடன்தான் எழுத வேண்டும். இரண்டாம் முறை கடிகாரம் இல்லாமல் போடுவது, தெரியாததையும் நேரம் போதாததையும் பிரித்துப் பார்ப்பதற்காக. இரண்டும் ஒரே தவறாகத்தான் மதிப்பெண் பட்டியலில் தெரிகின்றன, ஆனால் முதலாவதற்குப் பாடம் படிக்க வேண்டும், இரண்டாவதற்குப் படித்துப் பயனில்லை.

கீழவீதி தம்பி, ஒரு சோதனை செய்து பாருங்கள். குவான்டில் நீங்கள் தொடாமல் விட்ட பத்துக் கேள்விகளை இன்றிரவு போட்டுப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். விளக்கத்தைத் திறக்கக் கூடாது.

---

உளவியல்_மாணவி
15 செப்டம்பர் 2025, மாலை 4.30

இந்த விவாதத்துக்குப் பொருந்தும் இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்டது. மாணவர்கள் ஒரு சிறு உரைநடைப் பகுதியைப் படித்தார்கள். பிறகு ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள். மற்றொரு சாரார் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களுக்கு 81 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்களுக்கு 75 விழுக்காடும் நினைவிருந்தன. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கணக்கு தலைகீழாகிவிட்டது: மறுபடி படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. காணொளி பார்த்தவுடன் வரும் தெளிவு ஒரு வாரத்தில் எங்கே போகிறது என்பதற்கு இது ஓரளவு விடை சொல்கிறது.

ஆனால் அது நினைவாற்றல் பற்றிய ஆய்வு. கேட் தேர்வு மனப்பாடத்தைச் சோதிப்பதில்லை என்பதால் இரண்டாவது ஆய்வுதான் நமக்கு நெருக்கமானது என்பேன். டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்குச் சில கனவடிவங்களின் கனஅளவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவினர் ஒரு வடிவத்துக்கு உரிய கணக்குகளை முடித்துவிட்டு அடுத்த வடிவத்துக்குப் போனார்கள். இன்னொரு குழுவினருக்கு எல்லா வடிவங்களும் கலந்து வந்தன. பயிற்சியின்போது முதல் குழு 89 விழுக்காடு சரியாகச் செய்தது, கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20, கலந்து செய்தவர்கள் 63.

சதவீதம், வேகமும் தூரமும், வடிவியல் எனத் தலைப்பு வாரியாகப் பயிற்சி செய்யும்போது நன்றாக வருவதும், மாக்கில் கலந்து வரும்போது எந்தக் கருவியை எடுப்பது என்று தெரியாமல் திணறுவதும் பெரும்பாலும் இதனால்தான். மாக் நமக்குத் தரும் முதன்மையான பயிற்சி, கேள்வியைப் பார்த்து "இது எந்த வகை" என்று இனங்காணும் பயிற்சி. அதனால் அடிப்படைக்குத் திரும்புவதற்காக மாக்கை முற்றிலும் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

---

பழைய_பஞ்சாங்கம்
15 செப்டம்பர் 2025, மாலை 6.10

ஆய்வு ஒரு பக்கம் இருக்கட்டும். தம்பி மாக் எழுதும்போது நடுவில் நிறுத்தி வைக்கிறாரா, கைப்பேசியில் எழுதுகிறாரா என்பதை யாரும் கேட்கவில்லையே. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் கட்டிலில் படுத்துக்கொண்டே இருபது மாக் எழுதினான். அவனுடைய டி.ஐ.எல்.ஆர். கட்டங்களெல்லாம் மனத்துக்குள்ளேயே இருந்தன.

---

கீழவீதி
15 செப்டம்பர் 2025, இரவு 11.55

மடிக்கணினியில்தான் எழுதுகிறேன். புதன் இரவு மாக்குகளில் மூன்று நான்கு முறை தொலைபேசி அழைப்புக்காக நிறுத்தியது உண்மை. இனிச் செய்ய மாட்டேன்.

அக்கா சொன்ன சோதனையைச் செய்தேன். குவான்டில் தொடாத பத்தில் ஆறு கேள்விகள் எனக்கே வந்துவிட்டன. அவற்றில் நான்கு, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தன. தேர்வில் அவற்றை நான் பார்க்கக்கூட இல்லை. ஏழாவது கேள்வியாக வந்த வட்டமும் தொடுகோடும் பற்றிய ஒரு வடிவியல் கணக்கில் ஏழரை நிமிடம் செலவழித்திருக்கிறேன் என்று இணையதளத்தின் நேரப் பட்டியல் காட்டுகிறது. அந்தக் கணக்கும் தவறு. நான்கு சரியான விடைகள் என்றால் பன்னிரண்டு மதிப்பெண்கள். இத்தனை நாளும் இதை நான் கவனித்ததே இல்லை, ஏனென்றால் தொடாத கேள்விகளின் பக்கமே நான் போனதில்லை.

---

கணக்கு_வாத்தியார்
16 செப்டம்பர் 2025, காலை 7.20

இப்போது நோய் தெரிந்துவிட்டது. உங்களுக்குக் கணக்கு வருகிறது. கணக்கைத் தேர்ந்தெடுக்க வரவில்லை. பள்ளியில் முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை வரிசையாக எழுதிப் பழகிய நம் பிள்ளைகளுக்குக் கேள்வியை விட்டுவிட்டுப் போவது ஏதோ ஒழுக்கக் கேடு போலத் தோன்றும். மதுரையில் பன்னிரண்டு ஆண்டுகளாக வகுப்பு எடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் நூறு வாங்கிய மாணவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

அடுத்து, உங்கள் நோட்டில் இருக்கும் "கவனக்குறைவு 7". அந்தச் சொல்லை நோட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு அடுத்த நாள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. "இனிக் கவனமாக இருப்பேன்" என்று சபதம் மட்டும்தான் எடுக்கலாம். அந்த 91, 55 கேள்வியையே எடுத்துக்கொள்வோம். 55 என்பது 11-லிருந்து 2-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள்; 91 என்பது 14-லிருந்து 2-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள். நீங்கள் பூஜ்யத்தையும் சேர்த்துக்கொண்டீர்கள். மிகை முழுக்கள் என்றால் 1, 2, 3 என்று தொடங்குபவை. பூஜ்யம் அதில் இல்லை. நீங்கள் எண்ணியது குறையற்ற முழுக்களை, அதாவது பூஜ்யமும் சேர்ந்த வகையை. ஆகவே நோட்டில் எழுத வேண்டியது: "மாறிகள் பூஜ்யமாகலாமா என்று பார்க்காமல் சூத்திரத்தை எடுத்தேன்." இதற்குச் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. இத்தகைய கணக்கில் பேனாவை வைக்கும் முன் x ≥ 0 அல்லது x ≥ 1 என்று ஓரத்தில் எழுத வேண்டும். மற்ற ஆறு "கவனக்குறைவு"களையும் இப்படி உரித்துப் பாருங்கள். இரண்டு மூன்று ஒரே குடும்பமாக இருக்கும் என்பது என் ஊகம்.

ஊகித்து விடையளிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நான்கில் ஒரு முறை 3 கிடைக்கும், மூன்று முறை தலா 1 போகும். சராசரியில் ஆதாயமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு தெரிவை உறுதியாகத் தள்ள முடிந்தால் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் ஆதாயம். டீட்டா வகையில் குறைப்பே இல்லை என்பதால் வெறுமையாக விடவே கூடாது. ஆனால் மாக்கில் ஊகித்த கேள்விக்கு நேரே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஊகம் பலித்துச் சரியாக வந்தவை "சரி" என்ற பட்டியலில் ஒளிந்துகொண்டு நம்மை ஏமாற்றுபவை.

---

நாஞ்சில்_வாசகன்
16 செப்டம்பர் 2025, இரவு 9.40

எல்லோரும் கணக்கையே பேசுகிறீர்கள். தம்பிக்கு ஆங்கிலப் பகுதியில் 19-க்கு 9 தவறு என்பதை யாரும் தொடவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். வாசித்துப் பொருளறியும் பத்திகள்தான் என்னை மிகவும் அலைக்கழித்தன.

சென்ற ஆண்டுத் தேர்வில் 24 கேள்விகளில் 16 அத்தகையவை. நான்கு பத்திகள், பத்திக்கு நான்கு கேள்விகள். இங்கே இரண்டாம் முறை போடுவது என்பது கணக்கைப் போல எளிதல்ல, ஏனென்றால் மறுநாளும் நமக்கு அதே தெரிவுதான் பிடித்திருக்கும். நான் செய்தது இது: நான் தேர்ந்தெடுத்த தெரிவுக்கு எதிரே, பத்தியில் அதைத் தாங்கும் வரி எது என்று வரி எண்ணை எழுதுவேன். அப்படி ஒரு வரியைக் காட்ட முடியாவிட்டால், அந்தத் தெரிவு என் தலைக்குள்ளிருந்து வந்தது, பத்தியிலிருந்து வந்ததல்ல. முதல் வாரத்தில் எனக்கே வெட்கமாக இருந்தது. பத்தி சொன்னதைவிட ஒரு படி அதிகமாகச் சொல்லும் தெரிவுகளை, அதாவது "சில" என்று பத்தி சொல்ல "எல்லாம்" என்று சொல்பவற்றை, நான் திரும்பத் திரும்பத் தொட்டிருந்தேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பயிற்சி மையங்களின் மாக்குகளில் வரும் இந்தக் கேள்விகளின் தரம் சீரற்றது. இரண்டு தெரிவுகளும் சரி என்று வாதாடத் தக்க கேள்விகளோடு மல்லுக்கட்டி நான் பல இரவுகளை வீணாக்கினேன். ஆகவே ஆங்கிலப் பகுதிக்கு மட்டும், 2017 முதல் வந்த உண்மையான கேட் வினாத்தாள்களை வைத்துக்கொண்டேன்.

---

ஜிமேட்_பக்கம்
17 செப்டம்பர் 2025, காலை 8.05

இழையைப் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காக: மேலாண்மைப் படிப்புக்கான இன்னொரு தேர்வான ஜிமேட்டை எழுதுபவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அங்கே கேள்வித்தாள் நம் விடைகளுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதால், ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போகும் பேச்சே இல்லை. பகுதி முடியும்போது நேரம் மிச்சமிருந்தால் மூன்று விடைகள் வரை மாற்றலாம், அவ்வளவுதான். அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகளும் சிலவே; தொடக்கத்திலேயே கொட்டிக் கவிழ்த்துவிடாதீர்கள். எக்ஸ்.ஏ.டி. என்ற மற்றொரு மேலாண்மை நுழைவுத் தேர்வை எழுதுபவர்களுக்கு வேறு கணக்கு: எட்டுக்கு மேல் தொடாமல் விட்டால் கேள்விக்கு 0.10 போகும்.

---

மாடிவீடு
17 செப்டம்பர் 2025, பிற்பகல் 2.15

என்னுடைய மாக் பெர்சன்டைல் ஒரு நிறுவனத்தில் 91, இன்னொன்றில் 78. எதை நம்புவது?

---

கணக்கு_வாத்தியார்
17 செப்டம்பர் 2025, மாலை 5.30

இரண்டையும் வேண்டாம். அந்த மாக்கை எழுதியவர்களில் உங்களுக்குக் கீழே எத்தனை பேர் என்பதைத்தான் அது சொல்கிறது. எழுதிய கூட்டம் வேறு, வினாத்தாளின் கடினம் வேறு. சென்ற நவம்பரில் உண்மைத் தேர்வை எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். அவர்களுடைய மதிப்பெண்களை மூன்று அமர்வுகளுக்கும் சேர்த்துச் சமப்படுத்திய பிறகே பெர்சன்டைல் வந்தது. ஒரே நிறுவனத்தின் மாக்குகளுக்குள் உங்கள் எண் எப்படி நகர்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

---

கீழவீதி
5 அக்டோபர் 2025, இரவு 10.20

மூன்று வாரங்களாக இங்கே வரவில்லை, மன்னிக்கவும். வாரத்துக்கு ஒரு மாக் என்று குறைத்து, மூன்று ஞாயிறுகளில் மூன்று எழுதினேன். 63, 57, 70.

நடுவில் வந்த 57 என்னை மிகவும் உலுக்கிவிட்டது. குவான்டில் முதல் பத்து நிமிடத்தில் எல்லாக் கேள்விகளையும் வாசித்துத் தேர்ந்தெடுக்கிறேன் என்று உட்கார்ந்து, தேர்ந்தெடுப்பதிலேயே நேரத்தைத் தொலைத்தேன். இப்போது வாத்தியார் ஐயா தனிச்செய்தியில் சொன்னபடி, முதல் சுற்றில் பார்த்தவுடன் வழி தெரிபவற்றை உடனே போட்டுவிட்டு, ஒன்றரை நிமிடத்தில் வழி பிடிபடாததைக் குறியிட்டு நகர்கிறேன். 70 அப்படி வந்தது.

பழைய ஏழு "கவனக்குறைவு"களையும் உரித்துப் பார்த்தேன். மூன்று, "மாறி எதுவாகலாம்" என்பதைப் பார்க்காத குடும்பம். இரண்டு, "எது அல்ல" என்று கேட்டதை "எது" என்று வாசித்தவை. ஒன்று, கேட்டது இலாப விழுக்காடு, நான் கொடுத்தது இலாபத் தொகை. மீதி ஒன்று உண்மையிலேயே 17-ஐயும் 8-ஐயும் கூட்டி 24 என்று எழுதியது; அதற்கு எந்தக் குடும்பமும் கிடைக்கவில்லை.

ஐந்து மணி நேரம் எனக்கு ஒதுங்கவில்லை, மூன்றரைதான் முடிகிறது. ஆங்கிலப் பகுதியை நாஞ்சில் அண்ணன் சொன்ன வழியில் இன்னும் ஒழுங்காகத் தொடங்கவில்லை.

---

பழைய_பஞ்சாங்கம்
5 அக்டோபர் 2025, இரவு 10.45

மூன்று மாக்கை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, 70 தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஏழு தவறுகளை இப்படிப் பிரித்துக் காட்டியதைப் பார்த்தபின் என் முதல் எதிர்ப்பைப் பாதி திரும்பப் பெறுகிறேன். அமர்வு தெரிந்தபின், காலை 8.30, பகல் 12.30, மாலை 4.30 ஆகிய மூன்றில் உங்களுக்கு எது வருகிறதோ அதே நேரத்தில் மாக் எழுதுங்கள். புதன் இரவுப் பழக்கம் அரங்கில் உதவாது.

---

மூன்றாம்_முயற்சி
6 அக்டோபர் 2025, காலை 6.30

தம்பி, அந்தப் பழைய பத்தொன்பது மாக்குகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் நீங்கள் தொடாமல் விட்ட கேள்விகள் எல்லாம் உங்களுக்குப் புதிய கேள்விகள்தான். அலுவலகம் போகும் ரயிலில் நாளுக்கு ஐந்து போட்டாலே நவம்பர் வரை ஓடும். அந்த 57-இன் நோட்டுப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

---

கீழவீதி
6 அக்டோபர் 2025, இரவு 11.10

அப்படியே படியெடுத்துப் போடுகிறேன், அக்கா.

"கே. 3: முதல் சுற்றில் வழி தெரிந்தது, பிறகு போடலாம் என்று விட்டேன், திரும்பவே இல்லை. தெரிந்தால் அப்போதே போடு.
கே. 9: இரண்டாம் முறையும் வரவில்லை. மடக்கை. சனிக்கிழமை பாடம் பார்க்க வேண்டும்.
கே. 14: சரி. ஆனால் ஊகம். புள்ளி.
கே. 20: நான்கு நிமிடம். விளக்கத்தில் ஒரே வரி. முதலில் தெரிவுகளைப் பொருத்திப் பார்த்திருக்கலாம்."